மூடக்கூடாத இடுக்குகள்: 1/32 அளவில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு

மாடல் கார் செய்கிறவர்கள் கையில் முதலில் ஏறுகிற பழக்கம் பட்டி பார்ப்பது. இரண்டு பாகம் சேரும் இடத்தில் கோடு தெரிந்தால் பட்டியை அப்பு, காயவிடு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய், கோடு காணாமல் போகும்வரை விடாதே. பெரும்பாலான வண்டிகளுக்கு இது சரிதான். ஒரு காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குச் சரிவராது. அந்தக் காரின் அழகே பாதி அதன் இணைப்புகளில் இருக்கிறது. எந்தக் கோட்டை அடைக்க வேண்டும், எதை விட வேண்டும், எதை இன்னும் ஆழமாகக் கீற வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. பெயின்ட் அடித்ததெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு, கிடைத்தது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட் என்று இன்றும் நாம் சொல்கிற அல்லிக்குளம் வளாகத்தில். பெட்டி இல்லை, செய்முறைத் தாள் இல்லை. பாலிதீன் பைக்குள் ஒரு கார் உடல், அடித்தட்டு, இருக்கைகள், கண்ணாடிப் பாகம், மூன்று சக்கரங்கள். நாலாவது சக்கரத்தைக் கடைக்காரரும் தேடினார், கிடைக்கவில்லை. முகப்பைப் பார்த்ததுமே ட்ரையம்ப் ஹெரால்டு என்று தெரிந்துவிட்டது. இரண்டு கதவு, கூர்மையான பின் இறக்கைகள், சரிந்து இறங்கும் மூக்கு. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம், இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்தது. அதையே 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி சென்னையில், வண்டலூர் அருகே பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தது. ஸ்டியரிங் அங்கும் வலதுபக்கம், இங்கும் வலதுபக்கம். அதனால் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டும் வேலை இல்லாமலே இதைச் சென்னை வண்டியாக்கிவிடலாம்.

வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு பெருங்களத்தூர் காரைச் செய்வானேன், எண்ணூர் காரைச் செய்யக்கூடாதா என்று ஒரு நண்பர் உரிமையோடு சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியது லாரியை அல்ல, ஆஸ்டின் ஏ40 காரைத்தான். 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆன பிறகுதான் லாரியும் பஸ்ஸும் அதன் அடையாளமாயின. அந்த ஆஸ்டினையும் செய்ய வேண்டும். ஆனால் கையில் உடல் இருந்தது ஹெரால்டுக்குத்தான்.

முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாக விடுபடுவதற்காகத் தடவும் எண்ணெய்ப் பிசுக்கு பழைய கிட்டில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ், குளிர்ந்த நீர் போதும். வெந்நீர் வேண்டாம், மெல்லிய தூண்கள் வளைந்துவிடும். காய்ந்ததும் வெர்னியர் காலிபரை எடுத்தேன். நிஜ ஹெரால்டு 3886 மி.மீ. நீளம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2324 மி.மீ. 32-ஆல் வகுத்தால் 121.4 மி.மீ., 72.6 மி.மீ. உடல் நீளம் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒத்துவந்தது. நல்ல அச்சு.

அடுத்து, உடலில் இருந்த கோடுகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் குறித்தேன். பொதுவாக ஒரு விதி சொல்வார்கள்: மேடாக நிற்பது அச்சுக் கோடு, பள்ளமாக இருப்பது வண்டிக் கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பிதுங்கி மெல்லிய மேடாக உறையும். அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கதவு, டிக்கி, பானெட் எல்லாம் பள்ளம். விதி நல்ல விதிதான். ஆனால் பழைய அச்சாக இருந்தால் சில உண்மையான கோடுகள் தேய்ந்து, மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் மங்கலாக நிற்கும். என் கிட்டின் உடலில் பானெட்டுக்கும் முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் தகட்டுக்கும் நடுவே அப்படி ஒரு கோடு. மேற்கூரை வந்து பின்பக்க உடலோடு சேரும் இடத்தில் இன்னொன்று. இவை நிஜமா, அச்சின் குறையா? படங்களைப் பார்த்தாலும் வெளிச்சம் விழும் கோணத்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் டிங்கர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஹெரால்டு வண்டிகளில் கை வைத்தவர். பட்டி போடுவதற்கு முன் வெறும் உடலை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி, இந்தக் கோட்டை அடைச்சிடலாமா?"

"அத மூடிட்டீன்னா வண்டிய எப்படிக் கழட்டுவாங்க தம்பி? பானெட்டு மொத்தமா மூஞ்சியோட முன்னால சாயும்ல. இங்க ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கும், தெரியுதா? கூரையும் போல்ட்டுதான். பின்பாடியும் போல்ட்டுதான். வாஷர் வெச்சு வெச்சுத்தான் கேப்ப சமமாக்குவோம். ஒரு பக்கம் சரி பண்ணா இன்னொரு பக்கம் வாயப் பொளக்கும்."

அவர் சொன்னது ஹெரால்டின் பிறப்பிலேயே இருக்கிற விஷயம். ஐம்பதுகளில் மற்ற கார்கள் சட்டம் (சேஸிஸ்) வேறு உடல் வேறு என்ற முறையை விட்டு, எல்லாம் சேர்ந்த ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனிக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத்தர ஆள் இல்லை. அதனால் தனிச் சட்டத்துக்கே திரும்பினார்கள். உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு பட்டறைகளில் அடித்து, சட்டத்தின்மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். இக்கட்டில் எடுத்த அந்த முடிவு இந்தியாவுக்கு வசதியாக அமைந்தது: பாகங்களாக இறக்கி இங்கே பூட்டலாம், அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்பக்கம் முழுதும், முன்சக்கர மட்கார்டுகளோடு, பூட்டை விடுவித்தால் மூக்கை நோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம்.

ஆகவே அந்த இரண்டு மங்கல் கோடுகளும் நிஜம். அடைப்பதற்குப் பதில் ஆழப்படுத்த வேண்டியவை.

எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்? இங்கேதான் எல்லா மாடல் வேலைக்கும் நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே அளவுகோல் வருகிறது: எதைச் செய்தாலும் அதை 32-ஆல் பெருக்கிப் பார். நிஜ வண்டியில் 5 மி.மீ. இடுக்கு என்றால் மாடலில் 0.16 மி.மீ. சாதாரணமாக அச்சில் வரும் கோடு 0.3 அல்லது 0.4 மி.மீ. அகலம் இருக்கும். பெருக்கினால் கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு சந்து! பொம்மை போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஹெரால்டின் இணைப்பு இடுக்குகள் மற்ற கார்களைவிடத் தாராளமானவை என்பதால் 0.2 மி.மீ. வரை விடலாம். அதற்குமேல் அகலம் கூடாது, ஆழம் மட்டும் கூட வேண்டும். கண்ணுக்குக் கோடாகத் தெரிவது அதற்குள் விழும் நிழல். அகலம் நிழலைக் கெடுக்கும், ஆழம்தான் நிழலைத் தரும்.

கீறுவதற்குத் தையல் ஊசியைச் சின்னப் பிடியில் பூட்டிக்கொண்டேன். ஊசி நேராகக் கீறும்போது இருபுறமும் பிளாஸ்டிக்கை உழுது மேடாக்கும். அந்த மேட்டை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தடவி எடுக்க வேண்டும். ஆழப்படுத்த ஹாக்ஸா பிளேடின் உடைந்த துண்டைத் தேய்த்துச் செய்த கொக்கி உதவியது. கோடு நழுவாமல் இருக்க வழிகாட்டிப் பட்டை அவசியம். இதற்கென்று வெளிநாட்டில் விற்கும் கெட்டி டேப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய எக்ஸ்ரே பிலிமை 4 மி.மீ. பட்டையாக வெட்டி, பின்னால் டபுள் சைடு டேப் ஒட்டினால் வளைவோடு வளைந்து உட்காரும், ஊசியும் அதைக் கடிக்காது. முதலில் எடையே இல்லாமல் வெறுமனே வருடுவதுபோல் இழுக்க வேண்டும். தடம் விழுந்த பிறகு மெல்ல அழுத்தம் கூட்டலாம். அவசரப்பட்டால் ஊசி தன்பாட்டுக்குப் பாதையை விட்டுப் போய்விடும். பெயின்ட் உள்ளே இறங்கிக் கோட்டை நிரப்பும் என்பதால், கடைசியில் வேண்டிய ஆழத்தைவிடச் சற்று அதிகமாகவே கீறி வைத்தேன்.

பானெட்டின் இருபுறக் கொக்கிகளும் பாக்கி. கிட்டில் அவை வெறும் புடைப்பாக இருந்தன. அவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, குளிர்பானப் பாட்டிலில் இருந்து வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சில்லையும் ஒரு செப்பு இழையையும் வைத்துப் புதிதாகச் செய்தேன். அரிசியில் பாதிகூட இல்லாத உருப்படிகள். ஆனால் இந்த வண்டியை அறிந்தவர்கள் முதலில் தேடும் இடம் அதுதான். மேஸ்திரி தேடினார், பார்த்தேன்.

உடலின் ஓரங்களையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே வரும் வளைவின் ஓரம் 1 மி.மீ. கனம். பெருக்கினால் 32 மி.மீ. தகடு, கோட்டைக் கதவு மாதிரி. கார்த் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முழு உடலையும் மெலிதாக்க முடியாது, தேவையும் இல்லை. வெளியிலிருந்து தெரியும் ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சரித்துச் சுரண்டினால் மெல்லிய தகடு என்றே கண் நம்பிவிடும். கட்டர் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். சக்கர வளைவு, முன்பக்க அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே உள்ள பகுதி ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இதைச் செய்தால் போதும், வண்டியின் எடையே மாறிவிட்டதுபோல் இருக்கும். என்னைக் கேட்டால், புதிதாகச் செய்ய வருகிறவர்கள் எஞ்சினுக்கு ஒயர் இழுப்பதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் காணாமல்போன சக்கரம். காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். கடலில் போகும் படகும் என் மேசையில் நிற்கும் காரும் ஒரே ரெசினைத்தான் குடிக்கின்றன. பாலியஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் எம்.ஈ.கே.பி. என்ற ஹார்டனர், இறுகுவதை விரைவுபடுத்த முன்கூட்டியே ரெசினில் கலந்திருக்கும் கோபால்ட். இந்தக் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கிவந்து ஹார்டனரோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட் சேர்த்த ரெசினாகவே கேட்டு வாங்க வேண்டும். ஹார்டனர் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போய்விடலாம். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதீர்கள். அண்ணன் இரண்டையும் எனக்குத் தந்த பிறகுதான் டப்பாவையே திறந்தார்.

இருந்த சக்கரங்களில் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து, சின்ன டப்பாவில் நிறுத்தி, சிலிகான் ரப்பர் ஊற்றி அச்செடுத்தேன். அச்சில் ரெசின் ஊற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பாலியஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். டால்கம் பவுடர் கலந்தால் சுருக்கம் குறையும், முற்றிலும் நிற்காது. பழைய மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் அந்த ஒரு மூலை மட்டும் இறங்கி நிற்கும். அதனால் நான்கையும் அதே அச்சில் ஊற்றிக்கொண்டேன். நான்கும் 0.2 மி.மீ. சிறியதாக இருப்பதைக் கண் கண்டுபிடிக்காது, ஒன்று மட்டும் சிறியதாக இருப்பதை உடனே கண்டுபிடிக்கும். இரண்டு, படகுக்காரர்கள் பயன்படுத்தும் ரெசின் காற்றுப் படும் இடத்தில் பிசுபிசுப்பாகவே இருக்கும், ஆக்சிஜன் அதை முழுதாக இறுகவிடாது. ஊற்றி முடித்ததும் பாலியஸ்டர் தாள் ஒன்றை மேலே குமிழி இல்லாமல் மூடிவிட்டால் அந்தப் பக்கமும் கெட்டியாகும். இறுகாத ரெசினை மட்டும் கிட்டின் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

சக்கரத்தை எப்படி நிறுத்துவது என்பதற்கும் மேஸ்திரிதான் வழி சொன்னார். "பின்சீட்டுல ஆளு ஏறுச்சுன்னா வீலு ரெண்டும் காலை விரிச்சிக்கும்." ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே அச்சுத்தண்டில் பூட்டப்பட்டவை அல்ல. நடுவில் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சுகள். பாரம் ஏறினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், அடிப்பக்கம் வெளியே விரியும். பாரம் இல்லாமல் தூக்கி நிறுத்தினால் நேர்மாறு. இந்த ஆட்டம் நம் சாலைகளில் பலருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்பக்கம் வழக்கமான ஒற்றை அச்சுக்கு மாற்றினார்கள். என் வண்டி ஹெரால்டு, அதனால் சாய்வு இருக்க வேண்டும். கிட்டின் நேரான உலோகக் கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு அரைக் கம்பிகளாக்கி, 3 டிகிரி சாய்வில் ஒட்டினேன். 18 மி.மீ. சக்கரத்தில் 3 டிகிரி என்பது மேலுக்கும் கீழுக்கும் ஏறத்தாழ 1 மி.மீ. வித்தியாசம். இவ்வளவு சிறிய சாய்வு, வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆக்கிவிடுகிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். டயரின் அடியைத் தரையில் படும் அளவு லேசாகத் தட்டையாகத் தேய்த்ததும் எடை முழுமையானது.

பெயின்டுக்கு வருவோம். வடசென்னையில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு எதிரி மூன்று: ஈரம், உப்பு, தூசி. என்.சி. லாக்கர் என்ற, சட்டென்று காயும் கார் பெயின்டை அடிக்கும்போது காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். கார் பெயின்டர்கள் இதற்கு ரிட்டார்டர் சேர்ப்பார்கள், காய்வதைத் தாமதப்படுத்தி ஈரம் வெளியேற நேரம் கொடுக்கும். நான் ரிட்டார்டரைவிட நேரத்தைத்தான் நம்பினேன். கோடையில் காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று வறண்டது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பியதும் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். ஒன்பது மணிக்குமேல் கடற்காற்று திரும்புவதற்குள் அடித்து மூடிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் லாக்கரைத் தொடாமல் இருப்பதே மேல். அந்த மாதங்களில் சக்கரம், இருக்கை, கோடு கீறுவது போன்ற வேலையை வைத்துக்கொள்ளலாம்.

தூசிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாடியில் அடிக்க முடியாது. அறையின் தரையை நீர் தெளித்துத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அடித்த உடனே பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினேன். டப்பாவின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் காற்றுப் போக்கு இருக்கட்டும், முகமூடியும் இருக்கட்டும், இந்தத் தின்னர் நெடி நுரையீரலுக்கு நல்லதல்ல.

கார் பெயின்டும் அதன் தின்னரும் மாடல் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். முதலில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர், அதுவும் நனையும்படி அல்ல, தூவலாக. அதன்மேல் லாக்கரை ஏர் பிரஷ்ஷால் தூவித் தூவி ஏற்ற வேண்டும். பட்டியும் அப்படித்தான்: டிங்கர் கடை என்.சி. பட்டியைக் கெட்டியாக அப்பினால் அதன் தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், மெல்லிய பூச்சாகப் பல தடவை போடலாம். இங்கேயும் அதே பெருக்கல். மாடலின்மேல் சேரும் பெயின்ட் 80 மைக்ரான் என்றால் நிஜ வண்டியில் அது இரண்டரை மில்லிமீட்டர் கனம். கஷ்டப்பட்டுக் கீறிய கோடெல்லாம் அதில் மூழ்கிவிடும். பெயின்ட் மெலிதாக இருந்தால்தான் போல்ட் போட்ட இணைப்பு இணைப்பாகத் தெரியும்.

நிறம் வெளிர் நீலம் கலந்த சாம்பல். கம்பெனி அடித்த நிறம் என்று நான் உரிமை கொண்டாடவில்லை, இங்கே பலமுறை மறுபூச்சுக் கண்ட ஒரு வண்டி என்றுதான் மனதில் வைத்திருந்தேன். நிறத்தில் வெள்ளை சில துளிகள் கூடுதலாகச் சேர்த்தேன். காரணம் தூரம். 30 செ.மீ. தள்ளி வைத்து மாடலைப் பார்க்கிறோம் என்றால், அது நிஜக் காரை 9.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு காரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். நிறம் கொஞ்சம் வெளிறும், பளபளப்பு அடங்கும், கறுப்பு டயர் சாம்பலாகத் தெரியும். கதவிடுக்குகள் மட்டும் அந்தத் தூரத்திலும் தெளிவாக நிற்கும். அதனால் மேல்பூச்சில் முழுப் பளபளப்பு வேண்டாம் என்று மேட் திரவம் சிறிது கலந்தேன். ரப்பிங் காம்பவுண்டைத் தொடவில்லை. டயருக்குக் கறுப்பு போடாமல் கரும்பழுப்புக் கலந்த சாம்பல். இடுக்குகளில் மட்டும், நீர்த்த கரும்பழுப்பை மெல்லிய பிரஷ் முனையால் தொட்டு ஓடவிட்டேன். கறுப்பை ஓடவிட்டால் வரைந்த கோடாகிவிடும்.

குரோம் பட்டைகளுக்குப் பலர் ஏ.சி. மெக்கானிக்குகள் ஒட்டும் அலுமினிய டேப்பைச் சொல்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அதன் கனத்தைப் பெருக்கிப் பார்த்தாலே தெரியும். சாக்லேட் சுற்றிவரும் மெல்லிய தகட்டுத்தாளின் பின்பக்கம் பசையை ஒரு மெல்லிய பூச்சாகப் பூசி, பாதி காய்ந்து ஒட்டும் பதத்துக்கு வந்ததும் வைத்து, பல் குத்தும் குச்சியால் அழுத்தித் தேய்த்து, புது பிளேடால் ஓரம் வெட்டினேன். வைப்பர் தண்டுக்கு மின்ஒயரின் செப்பு இழை, 0.2 மி.மீ., நிஜத்தில் 6.4 மி.மீ. ஆகும், பொருத்தமான கனம்.

எண் பலகை ஆளைக் காட்டிக்கொடுக்கும் இடம். 1989-க்கு முன் டி.என். 01 என்பதுபோல் மாநில எழுத்தோடு வட்டார எண் சேரும் முறை கிடையாது, மூன்று எழுத்து, அதன்பின் நான்கு இலக்கம் வரை. அன்று சொந்தக் காருக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. பெயின்டர் கையால் எழுதியது என்பதால் எழுத்துகள் அச்சுப்போல் ஒரே சீராக இருக்கக்கூடாது. கையால் பெரிதாக எழுதி, படமெடுத்து, 2 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கி ஜெராக்ஸ் கடையில் லேசர் அச்செடுத்தேன். இல்லாத ஓர் எண்ணாகப் பார்த்து வைத்தேன், யாருடைய வண்டியையும் குறிக்க வேண்டாமே.

துருவில் கையை அடக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கம் வருஷக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றுத் துரு நிச்சயம் உண்டு. ஆனால் 1 மி.மீ. துருப் புள்ளி என்பது நிஜத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல், ஓட்டை விழுந்த தகடு. கதவுக்கு அடியில் உள்ள விளிம்பிலும், கூரையும் உடலும் போல்ட்டில் சேரும் அந்தக் கோட்டின் மூலையிலும் மட்டும், நீர் தேங்கி உப்பு சேரும் இடங்களில், பஞ்சு முனையால் தொட்டுத் துடைத்தெடுத்த அளவு. மற்ற இடமெல்லாம் வெறும் புழுதி: சாக் பாஸ்டலைத் தேய்த்த பொடி, சக்கர வளைவின் பின்னால் மட்டும்.

உடலை அடித்தட்டோடு ஒட்டவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் சின்னத் திருகுகளால், சட்டத்தின் இரு முனையிலும் பூட்டியிருக்கிறேன். கழற்றினால் உடல் தனியாக வரும், பின்அச்சின் சாய்வு எப்போதாவது நெகிழ்ந்தால் சரிசெய்யலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்களும் உண்டு. நீல நிறம் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுகிறேன், இல்லாவிட்டால் தகட்டுத்தாள் ஒட்டிய பட்டைகள் மழைக்காலத்தில் மங்கி, ஓரங்கள் எழும்பிவிடும். அடுத்து பானெட்டை அறுத்துத் திறக்கும்படி செய்ய வேண்டும். மேஸ்திரி எஞ்சினின் இடதுபக்கம் எது, வலதுபக்கம் எது என்று தாளில் வரைந்தே கொடுத்திருக்கிறார்.